சாதுல்லா ராவிய சிலிண்டர்

பூந்தமல்லியில் பூட்டு ரிப்பேர் செய்யும் சாதுல்லாவுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக இருக்கிற பூட்டையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அப்பேர்ப்பட்டவன் கையில், 1938-இல், சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வந்து மாட்டியது. பாவம் அந்த வண்டி.

மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். சாதுல்லாவுக்கு அது போதவில்லை. கல்யாணமாகி வருகிற முதல் பெருநாள். வேப்பம்பட்டில் மாமியார் வீட்டு விருந்து. புதுப் பெண்டாட்டி ஷரீஃபுன்னிசாவைப் பின்னால் உட்காரவைத்து, தெருவே பார்க்கப் போய் இறங்க வேண்டும். அதற்காகச் சிலிண்டரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, புகை வெளியேறும் வாசலின் மேல் விளிம்பைச் சாவி ராவுகிற அரத்தால் ராவினான்.

"இது சீக்கிரம் தொறந்தா பொகை சீக்கிரம் போவும், வண்டி பறக்கும்" என்று அவளுக்குப் பாடம் வேறு. நோன்பு மாதம் முழுக்க ராவினான். எங்கே நிறுத்துவது என்று அரத்துக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

வெள்ளோட்டத்தில் வண்டி நிஜமாகவே பறந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை போய்வந்தான். எல்லாம் தனியாகத்தான். புதுப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு சும்மா தெருவைச் சுற்ற அவனுக்கு வெட்கம்.

பெருநாள் தொழுகை முடிந்தது. ஷரீஃபுன்னிசா பலகாரத் தூக்கோடு பின்னால் ஏறினாள். வண்டி இருமியதே தவிர நகரவில்லை. வாசலை அளவுக்கு மீறி ராவியதால் இப்போது வேகம் பிடித்தால்தான் இழுக்கும். வேகம் பிடிக்கவோ இழுவை இல்லை. அவள் இறங்கினால் ஓடியது, ஏறினால் நின்றது.

"உங்க வண்டிக்கு என்னைப் புடிக்கல போல கீது. நீங்க முன்னால போங்க, நான் ஜட்காவுல வரேன்."

ஜட்காவோடு மெதுவாகப் போகவும் அந்த வண்டிக்கு வராது. ஆகவே, மாப்பிள்ளை மட்டும் ரொம்ப முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். மாமியார் வஹீதுன்னிசா காலிப் பின் இருக்கையைப் பார்த்தார்.

"பொண்ணு எங்க மாப்ளே?"

"பின்னால ஜட்காவுல வருது மாமி" என்று மென்று முழுங்கினான். தெருவில் ஆள் கூடிவிட்டது. காரணம் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஜட்கா வந்தது.

"ஏன்டி, அவரை வுட்டுட்டு இதுல வந்தே?"

ஷரீஃபுன்னிசா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். "பயமா இருந்திச்சிம்மா. நான்தான் அதுல ஏற மாட்டேன்னு அடம் புடிச்சேன்."

போன வாரம்தான் அடுப்படியில் தேளைச் செருப்பால் அடித்தவள் அவள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே ராவும்போது, பின்னால நான் ஒருத்தி குந்திகினு கீறேன்னு நெனச்சிகினு ராவுங்க."