கொக்கி மாட்டிய கை

பத்தொன்பது கோடைகளாகக் கணவாய்க்கு மேலே சைக்கிள்காரர்களைக் கூட்டிப் போகிறாள் அயிட்டா. ஐம்பத்திரண்டு வயது, கெண்டைக்கால் இரண்டும் உலக்கை. அந்தப் பாதையை அவளைப்போல அறிந்தவர் சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. எந்தத் திருப்பத்தில் ஆட்கள் மூச்சு வாங்கி நிற்பார்கள், பனியாறு எட்டிப் பார்க்கும் எந்த இடத்தில் கைபேசியை நீட்டுவார்கள், எந்த இறக்கத்தில் வாய்வீச்சுக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. உச்சியில் தன் கையால் செய்த வால்நட் கேக்கை வெட்டித் தருவாள். "ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டு தின்னா இறக்கத்துல பிரேக் பிடிக்காது" என்பாள்.

ஒரு வழக்கம் மட்டும் அவளிடம் மாறவே மாறாது. மேய்ச்சல் நிலத்து மரக்கதவை எல்லோரும் தாண்டிய பிறகு, கடைசி ஆளாக இறங்கிக் கொக்கியை மாட்டுவாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவாள்.

அந்த மேய்ச்சலில் ஊர் மாடுகளைக் கோடை முழுக்கப் பார்த்துக்கொள்பவன் துரி. பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டதும் மோர்க்குடத்தோடு குடிசை வாசலில் நிற்பான். "இவன் என் நண்பன் துரி. மலையில எனக்கு ஒண்ணுன்னா முதல்ல ஓடி வர்றவன் இவன்தான்" என்று ஒவ்வொரு கூட்டத்திடமும் பெருமையாகச் சொல்வாள்.

இந்த ஆகஸ்டில் ஒருநாள் அந்தக் கதவு திறந்து கிடந்தது. ரியெட் என்பவரின் சினைக்கிடாரி வெளியே போய்ப் பள்ளத்தில் விழுந்து செத்தது. அன்று அந்த வழியாகப் போனது அயிட்டாவின் கூட்டம்தான். ஊர் வேறு யாரைச் சொல்லும்?

"மூடினேன்" என்று சத்தியம் செய்தாள். நான்கு பேர் முறைத்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு மழை மூட்டம் வேறு. இரண்டு தட்டு தட்டினோமா, இல்லையா? அழுதுகொண்டே துரியிடம் போனாள்.

"விடு அயிட்டா" என்றான் அவன். "வயசாகுது, மறதி யாருக்குத்தான் இல்ல? ரியெட்கிட்ட போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. ஊர் அடங்கிடும்."

போனாள். ரியெட்டின் சமையலறையில், அவர் மனைவி பார்க்க, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

ஊரா அடங்கும்? கணவாய்ப் பாதையில் இனி சைக்கிளே கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்த கையோடு, பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஊர்க்கூட்டம். கை தூக்கித்தான் வாக்கு. சம்பந்தப்பட்டவர் வெளியே நிற்க வேண்டும். பாதை போனால் அவள் பிழைப்பே போச்சு, ஆனால் அவளுக்கு அங்கே பேச்சும் இல்லை, கையும் இல்லை.

"நீ கவலைப்படாம வெளிய நில்லு. உள்ள நான் இருக்கேன்ல" என்றான் துரி. "மாடு மேய்க்கிறவனே எழுந்து சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்?"

கண்ணாடிக் கதவு வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. திடீரென்று முதல் வாக்குக்குக் கைகள் எழுந்தன. மூன்றாம் வரிசையில் துரியின் கை! அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு இப்பாலிருந்து கையை ஆட்டினாள். அவன் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். ஜாக்கிரதையாக இருக்கிறான் போல என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

உள்ளே கூப்பிட்டார்கள். ஊர்த் தலைவி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "பாதையை மூடணும்னு நாற்பத்தொரு கை. வேண்டாம்னு முப்பத்தொன்பது. அடுத்த கோடையிலிருந்து சைக்கிள் கிடையாது."

"முதல்ல எதுக்குங்க கை தூக்கச் சொன்னீங்க?"

"மூடுறதுக்கு."

"துரி பேசலையா?"

"வாயே திறக்கலை."

கூடத்துக்குப் பின்னால் அவனைப் பிடித்துவிட்டாள். "ஏண்டா? சொல்லுடா, ஏன்?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னிக்கு நீங்க போன பிறகு, மாட்டுக்கு உப்பு வைக்க மேல போனேன். திரும்பி வர்றப்ப மழை. கதவை மூடாம நான்தான் விட்டுட்டேன்."

"அப்ப நான் மூடியிருந்தேன்."

"மூடியிருந்த. கொக்கி மாட்டித்தான் இருந்தது."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னை ரியெட் வீட்டுக்கு அனுப்பின?"

"உண்மை தெரிஞ்சா எவனும் என்கிட்ட மாடு விட மாட்டான், அயிட்டா. நீ வந்துட்டுப் போயிட்டு இருந்தா அந்தப் பேச்சும் ஓயாது. பாதை மூடிட்டா எல்லாம் முடிஞ்சுது."

"இப்பவே உள்ள போய்ச் சொல்றேன்."

"சொல்லு. யாரு நம்புவா? நீதான் மன்னிப்பே கேட்டுட்டியே."

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். அதற்கும் அவள் கேட்ட மன்னிப்பையே அல்லவா கத்தியாக்கினான், படுபாவி!

அவள் உள்ளே போகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை கடைசிப் பயணம். ஆறு பேர். வெயில் பளிச்சென்று அடித்தது, பாழாய்ப்போன மலை அன்றைக்கென்று அத்தனை அழகாக இருந்தது. குடிசை வாசலில் துரி மோர்க்குடத்தோடு நின்றான். எந்த முகத்தோடு நின்றானோ!

"இவர்தானே போன வருஷம் நீங்க சொன்ன நண்பர்?" என்று கேட்டாள் பெர்ன் நகரிலிருந்து இரண்டாம் முறையாக வந்த ஓர் ஆசிரியை.

"இல்லீங்க. இவர் மாடு பார்த்துக்கிறவர்" என்றாள் அயிட்டா. மோரை அவள் வாங்கவில்லை.

துரி அவர்களோடு கதவுவரை நடந்து வந்தான். ஆறு பேரும் தாண்டியதும் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீ போ அயிட்டா, நான் மூடிக்கிறேன்" என்றான் மெதுவாக.

"கையை எடுங்க."

நாற்பத்தைந்து வருடத்தில் அவனை அவள் அப்படி அழைத்ததில்லை. அவன் எடுத்தான். அவள் கொக்கியை மாட்டி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு முன்னால் நின்றவர்களைக் கூப்பிட்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. கதவு மூடியிருக்கா?"

"மூடியிருக்கு!" என்று ஆறு பேரும் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

"நீங்களும் பார்த்துக்கிட்டீங்கல்ல?" என்று துரியைக் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டாள்.