அத்தை சிரித்துக்கொண்டே பேசிய கேசட்

எங்கள் குடும்பத்தில் நகைச்சுவை உணர்வு பரம்பரை வியாதி. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, அது முற்றியிருந்தது. இழவு வீட்டில்கூட அவளுக்கு எதிரே உட்காரப் பயப்படுவார்கள். கணவன் செத்துப்போன பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள அவள் குவைத்துக்குப் போனாள். வேலை நேரம், லீவு என்று அப்பா ஏதோ கேட்டதற்கு ஏஜெண்ட், "வீட்டு வேலைக்கெல்லாம் அங்க சட்டம் கிடையாது சார். வீட்டு மனுஷியாவே வெச்சிக்குவாங்க" என்றார். நாங்கள் நெகிழ்ந்துபோனோம்.

வருடம் திரும்பும் முன் ஒரு கேசட் வந்தது. அது ஒன்றுதான் வந்தது. எங்களிடம் டேப் ரெக்கார்டர் இல்லை. கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் மைக் செட்காரர் தன்னுடையதைக் கொண்டுவந்தார். வந்தவர் சும்மா இருக்கமாட்டாமல் வாசலில் ஒரு குழாய் ஸ்பீக்கரையும் கட்டிவிட்டதால் தெருவே கூடிவிட்டது.

முதலில் கிழவியின் இருமல். பிறகு அத்தையின் சிரிப்பு.

"நல்லா கீறியாண்ணா? பாஸ்போர்ட்ட இவங்க பீரோல வெச்சிப் பூட்டிக்கினாங்க. கேட்டா தரமாட்டேன்றாங்க."

"பாருங்க, எவ்ளோ பத்திரம்!" என்றார் மைக் செட்காரர்.

"ராத்திரி பகல்னு இல்ல, இந்தக் கெழவி பக்கத்துலயே கெடக்கணும். ஜாஸ்தி நாள் தாங்கமாட்டேண்ணா. யாரையாச்சும் புடிச்சி என்னைக் கூட்டிக்கினு போயிடு." மறுபடி சிரிப்பு. "அழுதா கெழவிக்குப் புரிஞ்சிடும். அதான் சிரிச்சிக்கினே சொல்றேன்."

தெரு குலுங்கியது. "குவைத்துக்குப் போயும் இவ கொழுப்பு கம்மியாவல பாரு" என்று எதிர்வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் சிரித்தார்.

அந்தக் காலத்தில் பதிலை அதே கேசட்டின் மேலேயே பேசி அனுப்புவது வழக்கம். ஆளாளுக்கு நலம் விசாரித்தார்கள். நான் கிழவியைப் போல இருமிக் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. இன்றுவரை நான் எழுதிப் பிழைப்பதெல்லாம் அந்தக் கைதட்டல் கொடுத்த தைரியம்தான்.

அம்மா மட்டும் தயங்கினாள். "இதும் மேலயே பேசணுமாங்க? அவ சொன்னது அழிஞ்சிடுமே."

"அதான் கேட்டாச்சே" என்றார் அப்பா, டேப்பைப் பார்த்தபடி.

தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அன்று முழுக்க ஒரே ஒரு பேச்சுப் பேசியவளுக்கு எப்படித் தொண்டை கட்டும் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை கேட்டால் சிரிப்பாளே என்று, அதையும் கேசட்டில் சொல்லிவைத்தேன்.