எண்ணெய் பூசிய அந்நிய முதலீடு

வீட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசக்கூட என்னை அனுப்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட நான் சில மாதங்கள் ஓர் இருநாட்டு வர்த்தக மன்றத்தின் செயலாளராக இருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாடு இந்தியா, இன்னொன்று நெதர்லாந்து. இந்தியாவின் சார்பில் நானும் என் அத்தானும் இருந்தோம். நெதர்லாந்தின் சார்பில் யாரும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் ஒருவரை வரவழைத்தோம்.

அத்தானுக்கு வடகரையில் ஓர் ஆலை. தேங்காய் நார்த்தூளை அமுக்கிக் கட்டியாக்கும் வேலை. மேல்நாட்டில் அதில் தக்காளி வளர்க்கிறார்களாம். ஆலை பாதி நாள் மூடியே கிடந்தது. வருகிறவர் பார்த்துப் பணம் போட்டால் ஓடும். இல்லையென்றால் தீபாவளிக்குள் விற்றுவிட வேண்டும் என்று அக்கா தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

விருந்தாளி காலையில் தென்காசியில் வந்து இறங்கினார். அன்று மாலையே திருவனந்தபுரத்தில் அவருக்கு விமானம். நேரே ஆலைக்குப் போயிருக்கலாம். ஆனால் அது குற்றால சீசன். சீசனில் வந்த ஆளைக் குளிப்பாட்டாமல் காரியம் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெண் பார்க்க வந்தாலும் நிலம் வாங்க வந்தாலும் முதலில் அருவி, பிறகுதான் பேச்சு.

"மொதல்ல ஆலையக் காட்டிருவோமா மாப்ள?" என்று அத்தான் இழுத்தார்.

"குளிச்ச மனுசன் எதுக்கும் இல்லேன்னு சொல்ல மாட்டான் அத்தான்" என்றேன். பண்டைக் கடல் வாணிபம் பற்றி நாலு புத்தகம் படித்தவன் பேச்சை அத்தான் தட்டுவதில்லை.

ஐந்தருவியில் மசாஜ்காரர் அவருக்குத் துண்டைக் கட்டிவிட்டு உச்சி முதல் பாதம் வரை எண்ணெயில் ஊற வைத்தார். "தொர, கழுத்த வெறைக்காதீய" என்று தமிழிலேயே கட்டளை. துரையும் கீழ்ப்படிந்தார். எழுந்து அருவிப் பக்கம் திரும்பியபோது விசில் சத்தம் கேட்டது.

"மேல மழ பெய்யுது. யாரும் உள்ள போவக் கூடாது!" என்றார் போலீஸ்காரர்.

"சார், இவரு வெளிநாட்டு முதலீட்டாளர்" என்றேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. வெள்ளம் என்ன, பாஸ்போர்ட் பாத்தா இழுக்கும்?"

லாட்ஜில் ஒரு குளியலறை கேட்டிருக்கலாம். ஆனால் குற்றாலத்துக்கு வந்தவரைக் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினால் ஊர் மானம் என்ன ஆவது? "இப்பக் கொறஞ்சிரும்" என்று மசாஜ்காரரும் சொல்லிக்கொண்டே இருந்தார். காத்திருந்தோம். சும்மா நிற்பானேன் என்று வரவேற்புரையை எடுத்து வாசித்தேன். துண்டோடு மின்னிக்கொண்டு நின்ற விருந்தாளி, ரோமாபுரிக்கு மிளகு போன கட்டத்தில் லேசாக நடுங்கினார்.

அத்தானால் பொறுக்க முடியவில்லை. பையிலிருந்து மாதிரிக் கட்டியை எடுத்து, தூளின் நயத்தைக் காட்ட அவர் முகத்துக்கு நேரே உடைத்தார். அந்த நேரம் பார்த்துச் சாரல் காற்று வீசியது. தூள் முழுவதும் நெதர்லாந்தின் மேல் படிந்தது. புருவம் வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

"என்னமா ஒட்டுது பாத்தியா மாப்ள!" என்றார் அத்தான், விற்பனை மும்முரத்தில்.

விருந்தாளி உதட்டை நக்கிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "இதில் உப்பு அதிகம். செடி கருகிவிடும்" என்று ஆங்கிலத்தில் மிகுந்த பணிவோடு சொன்னார். எங்கள் மன்றத்தின் ஒரே தொழில்நுட்ப ஆலோசனை அது.

வெள்ளம் குறையவில்லை. விமானம் காத்திருக்காது. வாடகைக் காரின் சீட்டில் செய்தித்தாளை விரித்து, துடைத்தும் துடையாமலும் அவரை ஏற்றி அனுப்பினோம். வடகரைப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை.

மறுநாள் அத்தானும் நானும் டிரைவரைப் பிடித்துக்கொண்டோம். "ஆலையப் பத்தி வழியில ஏதாச்சும் சொன்னாரா?" என்று அத்தான் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. செங்கோட்டையில வண்டிய நிறுத்தச் சொல்லி ஒரு சோப்பு வாங்குனாரு. நம்ம பக்கத்துல அவரு போட்ட மொதலு அவ்வளவுதான்."