எங்கட வீட்டில் ரெண்டு வோட்டு

பங்குனியில் ரொறன்ரோவுக்கு நிறம் கிடையாது. தெருவோரத்துப் பனி உருகியும் உருகாமலும் கறுத்த மேடுகளாகக் கிடக்கும். குளிர்காலம் விழுங்கிய ஒற்றைக் கையுறைகளும் கோப்பிக் குவளைகளும் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். இம்முறை அந்த மேடுகளில் தேர்தல் பலகைகளும் குத்தி நிற்கின்றன. கூட்டாட்சித் தேர்தல் வருகிறது. வேலை முடிந்த கையோடு நான் டோர்செட் பார்க்கின் தொடர்மாடிகளுக்குப் போய்க் கதவு தட்டுகிறேன்.

நான் நடுநிலையாளன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்தலில் ஒரு கட்சி நாட்டின் கதவைச் சாத்தப்போகிறேன் என்கிறது. வாடகை ஏறியதற்கும், ஆஸ்பத்திரியில் காத்துக் கிடப்பதற்கும், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லாததற்கும் காரணம் கடைசியாக வந்து இறங்கியவன்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறது. சொன்னால் சொல்லட்டும். அந்தப் பேச்சுக்கு, அகதிகளாக வந்த எங்கள் தமிழர்களே தலையாட்டுவதைக் கண்டபிறகுதான் என்னால் வீட்டில் இருக்க முடியாமல் போனது. பார்க்டேலில் ஒரே அறையில் வரிசையாகப் படுத்தவர்கள். அகதி விசாரணைக்கு ஒரே கோட்டை மாறி மாறிப் போட்டுக்கொண்டு போனவர்கள். இன்று யூனியன்வில்லில் இரண்டு கார் நிற்கும் கராஜின் முன்னால் நின்று, "இனிக் காணும் தம்பி, ஆக்கள் கூடிப்போச்சு" என்கிறார்கள். ஆக்கள் என்றால் யார் அண்ணை என்று கேட்டால், "நாங்கள் வந்தது வேற மாதிரியடாப்பா" என்று பதில் வருகிறது. எப்படி வேறு மாதிரி? எங்களுக்கு மட்டும் கதவு தானாகவா திறந்தது? முகம் தெரியாத யாரோ, எங்கள் பெயரை உச்சரிக்கவும் தெரியாத யாரோ, ஏதோவொரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச்சீட்டில் பென்சிலால் போட்ட புள்ளடிகளால் திறந்தது. இப்போது அந்தப் பென்சில் எங்கள் கையில் இருக்கிறது.

எனக்குத் தொழில் அச்சகத்தில். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டி நினைவு மலர், பூப்புனித நீராட்டு விழாப் பதாகை எல்லாம் என் கணினியில்தான் உருவாகின்றன. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளின் தமிழ்த் துண்டுப் பிரசுரங்களும் அங்கேதான் வரும். எல்லாவற்றிலும் மேலே "வணக்கம்", ஓரத்தில் குத்துவிளக்கு. அந்தக் குத்துவிளக்கு மூன்று கட்சிக்கும் ஒன்றுதான். நான் ஒருமுறை வரைந்து வைத்தது. பகலில் எல்லோருக்கும் விளக்கேற்றிவிட்டு, பொழுதுபட ஒரு கட்சிக்காகப் படியேறுகிறேன்.

தொடர்மாடியில் கதவு தட்டுவது மூக்கால் செய்கிற வேலை. எலிவேற்றர் திறந்ததும் கறித்தூள் வாசம் வந்தால் எங்களவர் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கதவு திறக்கும். ஐயா ஒருவர் இடுப்பில் சாரத்தோடு நிற்பார். நான் நாலு வசனம் பேசுவதற்குள் கையை உயர்த்துவார்.

"எங்கட வீட்டில நாலு வோட்டு. யோசியாதையுங்கோ, நாலும் உங்களுக்குத்தான்."

இது எங்கள் வழக்கம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. மரத்தில் காய்த்த முருங்கைக்காயை அயலுக்குக் கொடுப்பதுபோல வாக்குகளையும் கட்டாகக் கொடுத்துவிடுவோம். அவருக்குப் பின்னால் குசினியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். யார் என்று நான் கேட்பதில்லை. கைத்தொலைபேசியில் நாலு என்று தட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போவேன். எங்கள் தொகுதி இழுபறியான தொகுதி. ஒவ்வொரு நாலும் இனித்தது.

பிரசார அலுவலகம் தோசைக்கடைக்குப் பக்கத்துக் கடையில் இருக்கிறது. தொண்டர்களைக் கவனிக்கிறவள் இங்கே பிறந்த பிள்ளை, சட்டம் படிக்கிறாள். ஒருநாள் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அங்கிள், உங்கட சொந்த வீட்டை இன்னும் என்டர் பண்ணேல்லை. ஹவ் மெனி வோட்ஸ்?"

"ரெண்டு."

"போத் ஸ்ட்ரோங் சப்போர்ட்டர்ஸ்?"

"என்ர வீடுதானே பிள்ளை. பின்னை என்ன?"

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் என் மனைவி கடலை வடைக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு வேலை. வாரம் முழுவதும் மற்றவர்களின் உடம்பைத் தூக்கி இருத்துகிற கைகள் சனிக்கிழமைகளில்தான் தனக்குப் பிடித்ததைச் செய்யும். தொலைபேசி அடித்தது. கை முழுக்க மா. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள். பிரசார அலுவலகத்துப் பிள்ளையின் குரல்.

"ஹலோ அன்ரி! தாங்க் யூ சோ மச் ஃபோர் யுவர் சப்போர்ட். வோட்டுப் போடப் போக உங்களுக்குக் கார் வேணுமோ?"

"ஆருக்குப் பிள்ளை நான் சப்போர்ட்?"

அந்தப் பிள்ளை எங்கள் வேட்பாளரின் பெயரைச் சொன்னாள். "உங்கட ஹஸ்பண்ட் சொன்னவர் அன்ரி. நீங்கள் ஸ்ட்ரோங் எண்டு."

"ஓமோ? நான் நல்ல ஸ்ட்ரோங்தான் பிள்ளை. அதை அவருக்கு இப்பவே காட்டுறன். நீர் போனை வையும்."

நான் சோபாவில் ஒரு பத்திரிகைக்குப் பின்னால் இருந்தேன். ஒளிய அது போதாது என்று அப்போதே தெரிந்தது.

"இஞ்சேருங்கோ. என்ர வோட்டை ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"நீரும் அவைக்குத்தானே போடுவீர்?"

"நான் சொன்னனானோ?"

"இல்லை... நாங்கள் எப்பவும் இதைப்பற்றிக் கதைக்கிறனாங்கள்தானே."

"நீங்கள் கதைப்பியள். நான் தேத்தண்ணி போடுவன். அதுக்குள்ள எங்க வோட்டு வந்தது?"

அவள் கையைக் கழுவவில்லை. மாவோடு வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். குரல் இறங்கியிருந்தது. கோபம் போய், அதற்குக் கீழே இருந்தது வந்திருந்தது.

"ஊரில அப்பா ஒருமுறை வோட்டுப் போடப் போனவர். தோய்ச்ச வேட்டி, காலமை சாப்பிடவுமில்லை. உங்கட வோட்டு விழுந்திட்டுது, போங்கோ எண்டு திருப்பி விட்டிட்டினம். அவர் போகமுன்னமே ஆரோ அவரின்ர பேரில போட்டிட்டாங்கள். அவர் வந்து ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. வேட்டியை மாத்திப்போட்டுத் தோட்டத்துக்குப் போனவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்." மா காய்ந்த விரல்களை ஒன்றோடொன்று உரசினாள். "அவங்கள் தோளில துவக்கு வைச்சிருந்தாங்கள். நீங்கள் துவக்கில்லாமல் செய்து முடிச்சிட்டியள். அவ்வளவுதான் வித்தியாசம்."

எத்தனை கூட்டங்களில் ஜனநாயகம் என்ற சொல்லை ஒலிவாங்கிக்குள் உருட்டியிருப்பேன். நான் எழுதிய கவிதைகளில் அதற்குச் சிறகு வைத்திருக்கிறேன். அந்தச் சொல் இப்போது கடலைமா அப்பிய கையோடு எனக்கு முன்னால் இருந்தது. ஆனாலும் விட்டுவிட மனமில்லை. கதவு சாத்தப்படக் கூடாது என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அந்தத் தொகுதியில் எனக்கு ஆக வேண்டிய வாக்கு இப்போது ஒன்றே ஒன்றுதான் என்று பட்டது. அதை முறையாகக் கேட்க வேண்டும்.

"சரி, பிழைதான். இப்ப கேக்கிறன். எங்கட ஆளுக்குப் போடுவீரோ?"

"ஏன் போடவேணும்?"

நான் தொடங்கினேன். கதவு, அகதி, பார்க்டேல், பென்சில். அவள் கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னாள்:

"போன மாரியில பித்தப்பைக் கல்லோட எமர்ஜென்சிக் கதிரையில நான் எவ்வளவு நேரம் கிடந்தனான்? அப்ப எங்க உங்கட ஆள்?"

"அது மாகாண அரசின்ர வேலையப்பா. இது கூட்டாட்சித் தேர்தல்."

"வயித்துக்குத்துக்கு மாகாணம், கூட்டாட்சி தெரியுமே?"

இதற்குப் பதில் எங்கள் பிரசுரத்தில் இல்லை. அதை அச்சடித்தவனே நான்.

"கதவைத் திற, திற எண்டுறியள்," அவள் நிறுத்தவில்லை. "திறந்து வந்த பிள்ளையள் என்னோட வேலை செய்யுதுகள். ஒரு பேஸ்மென்ற்றில அடைஞ்சு கிடந்து, ரெண்டு வேலை செய்து, விசா முடியுது முடியுது எண்டு அழுதுகொண்டு. உங்கட கட்சி இவ்வளவு காலமும் அதுகளுக்கு என்ன செய்தது?"

"செய்தது காணாதுதான். ஆனா ஏன் செய்யேல்லை எண்டு இவையின்ர கழுத்தைப் பிடிச்சுக் கேக்கலாம். மற்றக் கட்சிக்காரர் அந்தப் பிள்ளையளையே போ எண்டுறாங்கள்."

அவள் கையைக் கழுவ எழுந்தாள். "இதை முதலே சொல்லியிருக்கலாம். குத்துவிளக்குப் போட்டு வணக்கம் சொல்லாமல்."

"அப்ப போடுவீரோ?"

"சொல்லமாட்டன்."

அந்த வாரம் நான் செய்த பிரசாரத்தைக் கட்சித் தலைவரே செய்திருக்கமாட்டார். தேயிலை டின்னுக்குக் கீழே ஒரு பிரசுரம் வைத்தேன். அவளுடைய வேலைப் பையில் ஒன்று. காரில் வானொலியை வேண்டுமென்றே விவாத நிகழ்ச்சிக்குத் திருப்பினேன். மறு சனிக்கிழமை வடைத் தட்டின் மூடியைத் திறந்தால், அடியில் விரித்த பிரசுரத்தில் எங்கள் வேட்பாளர் எண்ணெய்க்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெயும் உறிஞ்சுதில்லை," என்றாள். "உங்கட கட்சி ஒண்டுக்கும் உதவாது."

பிரசார அலுவலகத்துக்குப் போய் என் வீட்டுக் கணக்கை மாற்றச் சொன்னேன்.

"அன்ரி அன்டிசைடடோ அங்கிள்?"

"இல்லைப் பிள்ளை. அவ முடிவெடுத்திட்டா எண்டுதான் நினைக்கிறன். எனக்குத்தான் தெரியாது."

"அதுக்கு இதில ஒப்ஷன் இல்லையே அங்கிள்."

"அப்ப வெறுமையா விடும்."

அன்று மாலை, நாலு வாக்குத் தந்த ஐயாவின் கதவை மறுபடி தட்டினேன். அதே சாரம்.

"என்ன தம்பி, நான்தான் சொன்னனே, நாலும் உங்களுக்குத்தான்."

"ஓம் அண்ணை. அக்காவோடையும் ஒருக்காக் கதைக்கலாமோ?"

அவர் முகம் மாறியது. "அவவோடை என்னத்துக்கு? அவவுக்கு உதுகள் விளங்காது."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. இரவு வேலைக்குப் போகும் சீருடையில் ஓர் அம்மா, கையைத் துவாயில் துடைத்தபடி வந்தார்.

"ஏன் விளங்காது? உங்களுக்கு விளங்கினது எனக்கு விளங்காதோ? தம்பி, குறை நினையாதையும். நான் மற்றக் கட்சிக்குத்தான் போடுறனான்."

"என்னப்பா கதைக்கிறீர்?" ஐயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப தொடக்கம்?"

"போன எலெக்சன் தொடக்கம்."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அந்த வாசலில் நின்றபடியே அந்த அம்மாவோடு வாதாடினேன். வரி குறைப்பார்கள் என்றார். எதை வெட்டிக் குறைப்பார்கள் என்று கேட்டேன். ஆட்கள் கூடிவிட்டார்கள் என்றார். அவரோடு இரவு வேலை செய்பவர்கள் யார் யார் என்று கேட்டேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். "யோசிச்சுப் பாக்கிறன், ஆனா சொல்லமாட்டன்" என்று அவரும் சொன்னார். ஐயா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். நாலோடு ஏறியவன், எத்தனையோடு இறங்கினேன் என்று தெரியாமல் எலிவேற்றரில் நின்றேன். ஆனாலும் அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஒருவரிடம் வாக்குக் கேட்டிருந்தேன்.

அன்றிலிருந்து கதவுகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. ஒரு மாடி முடிக்கிற நேரத்தில் அரை மாடிதான் முடிகிறது. அலுவலகத்தில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

முன்கூட்டி வாக்களிக்கும் நாளில் நானும் மனைவியும் ஒன்றாகப் போனோம். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசைகள், மட்டைப்பெட்டியை மடித்த மறைப்புகள். என் வேலை முடிந்து வெளியே வந்துவிட்டேன். அவள் மறைப்புக்குப் பின்னால் நின்றாள். எனக்கு அவளுடைய முதுகும் வேலைச் சப்பாத்தும் மட்டும்தான் தெரிந்தன. புள்ளடி போட எவ்வளவு நேரம் எடுக்கும்? அவள் அவசரப்படவில்லை. ஒருமுறை பென்சிலை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்ததுபோலத் தோள் அசைந்தது. பிறகு சீட்டை மடித்தாள். அவளுடைய அப்பாவின் வேட்டியைக்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக மடித்திருக்கமாட்டார்கள். பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது விழுந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஆள் தொண்டையைச் செருமும்வரை.

காருக்குள் ஏறியதும் நான் கேட்கவில்லை. கெனடி வீதியில் சிவப்பு விளக்கு. அவள்தான் தொடங்கினாள்.

"உங்கட ஆள் தோத்தா என்ன செய்வியள்?"

"அடுத்த முறையும் தட்டுவன்."

"வெண்டிட்டா?"

"அப்பவும் தட்டத்தான் வேணும். இந்த முறை அவரின்ர கதவை. அந்தப் பேஸ்மென்ற் பிள்ளையளுக்கு என்ன செய்யப்போறீர் எண்டு கேட்டு."

விளக்குப் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"அதுக்குப் போகேக்கை சொல்லுங்கோ," என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "நானும் வாறன்."

யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளை வேலையில் இறக்கிவிட்டு நேரே டோர்செட் பார்க்குக்குப் போனேன். தேர்தல் நாள் இன்னும் வரவில்லை. மேடுகளில் பனி பாதிதான் போயிருக்கிறது. எலிவேற்றர் திறந்தது. கறித்தூள் வாசம் இடப்பக்கம் இழுத்தது. தட்டினேன். சாரத்தோடு ஒருவர் கதவைத் திறந்து, நான் வாய் திறக்கமுதலே கையை உயர்த்தினார்.

"எங்கட வீட்டில அஞ்சு வோட்டு தம்பி. எழுதும்."

"நல்லது அண்ணை," என்றேன். சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்தேன். "மற்ற நாலு பேரும் வீட்டில நிக்கினமோ?"