எஸ்தர் சிஸ்டர் திரும்பிப் போன வாசல்

பாட்டின் கடைசி வரியைப் பிடிக்க முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி. ஜோகுபாளையத்தில் உள்ள எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவன் நான். அன்று பாதி வரியில் இருமல் வந்தது. நான் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் பாடி முடித்தார்கள்.

என் வேலை லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நன்றாக ஓடினால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எனக்கு மட்டும் படிக்கட்டுதான். மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் காய்ச்சல். சட்டை தொளதொளவென்று தொங்கியது. மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சுகாதார மையத்துக்கு மனைவி ஸ்டெல்லா என்னை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். சளிப் பரிசோதனையில் காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று) என்று வந்தது.

“ஆறு மாசம் சாப்பிடணும். ரெண்டே மாசத்துல நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும். அப்போ மாத்ரெ பிடபேடி, விட்டுடாதீங்க,” என்றார் டாக்டரம்மா, கன்னடம் கலந்த தமிழில். பெரிதாகத் தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னபடியே இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, எடை ஏறியது. அந்தச் சமயத்தில்தான் உபவாச ஜெபம் வந்தது. பாஸ்டர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கியது. அது பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

“டாக்டர் என்ன சொன்னாங்க பிரதர்?” என்று பாஸ்டர் கேட்கவே செய்தார்.

“எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க பாஸ்டர்,” என்றேன். மையத்திலிருந்து போன் வந்தபோது ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குச் சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வோம். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் சபை முழுவதும் “ஸ்தோத்திரம்” என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் பேசுகிறவனைத் தரையில் நிற்க விடாது. “மாத்திரைய விட்டுட்டேன், மனுஷனை நம்பல, சுகமாக்கினவர் அவரே,” என்றேன். மைக்கைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா, “அறிவிருக்கா உங்களுக்கு?” என்று கேட்டாள். விசுவாசம் இல்லாமல் பேசாதே என்று அவள் வாயை அடைத்தேன்.

மூன்று மாதம் கழித்துச் சளியில் ரத்தம் வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருமி பழைய மருந்துக்குப் பழகிவிட்டது (மருந்துக்கு அடங்காத காசநோய் என்பார்கள்), இனி மருந்தும் வேறு, நாளும் அதிகம் என்றார். புது மாத்திரைகளில் பாதம் மரத்துப்போனது, முகம் கறுத்தது. தொற்று அடங்கும்வரை கூட்டத்தில் சேரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று பாஸ்டரிடம் சொன்னேன். மறுபடி சபைக்குப் போனபோது, என்ன பிரதர் கறுத்துட்டீங்க என்று கேட்டார்கள். வெயில் என்றேன். இருட்டுக் குழிக்குள் வேலை செய்கிற லிஃப்ட் மெக்கானிக்குக்கு எந்த வெயில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“சபைல சொல்லிடலாங்க,” என்றாள் ஸ்டெல்லா. மைக்கில் சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை மாத்திரை வாங்கிக்கொண்டு மையத்திலிருந்து வெளியே வருகிறேன். வாசலில் எஸ்தர் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சபையில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர். அவருக்கும் காசநோய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார்.

“பிரதர், நீங்க எங்க இங்க?”

“ஃபிரெண்டுக்கு மாத்திரை வாங்க வந்தேன் சிஸ்டர்.”

வாய் தானாகச் சொன்னது. கையிலிருந்த பையை முதுகுப் பக்கம் கொண்டு போனேன்.

அவர் முகம் தெளிந்தது. “உங்க சாட்சியக் கேட்டுட்டுத்தான் நானும் மாத்திரைய நிறுத்தினேன். இப்ப திரும்ப இருமுது. உள்ள போலாமா, வேணாமான்னு இங்கயே நின்னுட்டு இருந்தேன். கரெக்டா உங்கள அனுப்பிட்டாரு பாருங்க ஆண்டவர். நான்தான் சந்தேகப்பட்டுட்டேன்.”

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அவர் திரும்பி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

அந்த மழைக்காலத்தில் எஸ்தர் சிஸ்டர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். அன்று கடைசி வரிவரை மூச்சு தாங்கியது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என் சிகிச்சை முடிந்த வாரம் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னாலிருந்த பைபிளை மூடி வைத்தார். பிறகு, “ஆண்டவர் மன்னிக்கிறவர் பிரதர். எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?” என்றார்.

“பொய்ய எல்லார் முன்னாலயும்தானே சொன்னேன் பாஸ்டர்.”

முதல் ஞாயிறு எழுந்து நின்றேன். “எனக்குச் சுகமாகலைன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட மறைச்சேன்,” என்றேன். பழக்கத்தில் நாலைந்து பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள். “எஸ்தர் சிஸ்டர் என்னை நம்பித் திரும்பிப் போனாங்க,” என்றேன். அதற்கு ஒரு ஸ்தோத்திரமும் வரவில்லை.

கிருபையா, மனிதனின் பொறுப்பா என்று எங்கள் வேதபாட வகுப்பில் மணிக்கணக்கில் விவாதிப்போம். நானும் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். இப்போது தெரிந்தது இவ்வளவுதான். இரண்டாவது மருந்து என்னிடம் வேலை செய்ததற்கு என் தகுதி காரணமில்லை, அது கிருபை. ஆனால் தினமும் வாயைத் திறந்து விழுங்க வேண்டியவன் நான். ஆண்டவர் உங்களை அனுப்பினார் என்று எஸ்தர் சிஸ்டர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்றுதான் பயமாக இருக்கிறது. அவருக்கு வந்த கிருபை என் கையில் ஒரு பையாக இருந்தது. அதை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இதை வாசிக்கிற உங்களுக்கு உடம்பு தேறியதுபோல் இருந்து, மாத்திரையை விடலாமா என்று தோன்றினால், டாக்டரைக் கேளுங்கள். விட்டுவிட்டு மறைத்திருந்தால் இன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

நான் சபையில் சொன்னதற்கு மறுநாள் சாயங்காலம் எஸ்தர் சிஸ்டரின் கணவர் தேவராஜ் வீட்டுக்கு வந்தார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் உட்காரவில்லை. ஸ்டெல்லா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பைபிள் வைக்கும் ஜிப் உறை ஒன்றைத் திறந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“அவ நிறுத்தினப்போ மிச்சமானது. குப்பைல போட மனசு வரல. எங்க திருப்பிக் குடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

செருப்பை மாட்டிக்கொண்டே, “அன்னிக்கு உங்கள வாசல்ல பாத்தேன்னு சந்தோஷமா வந்து சொன்னா,” என்றார். படியிறங்கிப் போனார்.

கடைசி எக்ஸ்ரேயில் என் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு. நோய் போய்விட்டது, இது மட்டும் எந்தக் காலத்திலும் போகாது, எந்த டாக்டர் பார்த்தாலும் கேட்பார், சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. மூச்சை முழுதாக இழுத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது.

அட்டைகளை மையத்தில் கொடுத்துவிட்டேன். எனக்கும் மாத்திரை நின்றுவிட்டது. ஆனாலும் காலை ஏழு மணியானால் கை தண்ணீர் டம்ளரைத் தேடிப் போகிறது. விழுங்க ஒன்றுமில்லாமல் தண்ணீரைக் குடிக்கிறேன். அந்த நேரத்தில் எஸ்தர் சிஸ்டர் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறார். கூப்பிட்டால் இன்னும் கேட்கும்.