'டிராப் இன்' சொன்ன வீட்டுக்குப் போனோம்

காரைக்காலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் சார், நீங்கள் என் மனைவியை ஏமாற்றிவிட்டீர்கள்.

இங்கிலாந்தில் எங்கள் தெருவில் எல்லாக் கதவும் பகலிலேயே சாத்தியிருக்கும். நான் மீன் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டால், ஏழு மாதக் கர்ப்பிணியான செல்வி வீட்டில் தனியாக இருப்பாள். போன மாதம் பக்கத்து வீட்டு மார்கரெட் அவளைப் பார்த்துச் சிரித்து, 'எனி டைம் டிராப் இன்' என்றார். செல்விக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 2005இல் விசாவுக்குக் காத்திருந்தபோது உங்களிடம் படித்த வார்த்தை அது. 'டிராப் இன்: சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். மண்டபத்தூர் மீனவக் குப்பத்துப் பெண்ணுக்கு இதை விளக்கவா வேண்டும்? அங்கே படகு கரைக்கு வந்த அன்று குழம்பு வைத்தால், அடுத்த வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்து, உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வருவார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு தூக்கு நிறையக் கானாங்கெளுத்தி மீன் குழம்போடு இருவரும் போனோம். மார்கரெட் கதவைப் பாதி திறந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். "நோ, நோ. டிராப் இன்" என்றாள் செல்வி. அவர் தூக்கை வாங்கினார், நன்றி சொன்னார், கதவைச் சாத்தினார். மறுநாள் தூக்கு கழுவித் துடைத்து எங்கள் வாசலில் இருந்தது.

"வெறும் தூக்க வச்சிட்டுப் போயிருக்காங்க, பாருங்க. நம்ம ஊர்ல சண்டைக்காரி கூட ஒரு கை சீனி போட்டுத்தான் குடுப்பா."

"இவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுடி."

"சரி, தெரியாது. நீங்க வேலைல இருக்கறப்ப வலி எடுத்தா நான் எந்தக் கதவத் தட்டுறது? அதச் சொல்லுங்க."

ஆலையில் என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரரிடம் 'டிராப் இன்' பற்றிக் கேட்டேன். அதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது, போன் பண்ணாமல் யாரும் போகமாட்டார்கள் என்று சிரித்தார்.

மார்கரெட் மேல் எனக்குக் கோபமில்லை சார். நாமும்தான் சாப்பிடும்போது யார் வந்தாலும் "சாப்பிட வாங்க" என்கிறோம். வந்தவர் "இப்பதான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார். உட்கார்ந்து இலை கேட்கமாட்டார். இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும், இந்த ஊர்ப் பேச்சை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏன் சொல்லித்தரவில்லை? அர்த்தத்தைப் பலகையில் எழுதிப்போட்டால் முடிந்ததா?

ஊருக்கே போய்ப் பிள்ளை பெற்றுக்கொள்கிறேன் என்கிறாள் செல்வி. பெட்டியை எடுத்து வைத்திருக்கிறாள். இன்னும் ஒரு துணி அடுக்கவில்லை. அந்தத் தூக்கை அடுப்படிக்கும் கொண்டுபோகவில்லை, பெட்டியிலும் வைக்கவில்லை. வாசல் கதவோரம் அப்படியே இருக்கிறது.

வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் இன்றும் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதே வரியை எழுதுகிறார்கள். அவர்கள் முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: வலி எடுத்தால் என் மனைவி எந்தக் கதவைத் தட்டுவாள்?