பேத்தி பெயரில் ஓர் எழுத்து

மெக்சிகோவில் வேலை பார்த்த என் ஒரே மகன் செந்தில் சாலை விபத்தில் இறந்தபோது, அங்கே அவன் மணந்திருந்த பெண் நிறைமாதம். பரமத்தி வேலூரில் நானும் என் மனைவியும்தான்.

“ஏனுங்க, நாளைக்கி அவ வேற கண்ணாலம் பண்ணிக்கிட்டா, கொழந்த நம்மளுதுன்னு சொல்லிக்க ஏதாச்சும் இருக்குமுங்களா?” என்று மனைவி கேட்டாள்.

நான் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். அழுவதைவிட அட்டவணை படிப்பது எனக்குச் சுலபம். மெக்சிகோவின் மக்கள்தொகை, குடும்ப அமைப்பு, கைம்பெண்கள் நிலை என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரு நல்ல செய்தி அகப்பட்டது. அங்கே குழந்தையின் பெயருக்குப் பின்னால் தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் வரும். தாய் மறுமணம் செய்தாலும் மாறாது.

பெண் குழந்தை பிறந்ததும் மருமகள் படம் அனுப்பினாள். கீழே, ‘எலேனா முத்துசாமி லோப்பஸ்’.

“அட, உங்க பேரு இருக்குதுங்க!” மகன் போன பிறகு அன்றுதான் மனைவி சிரித்தாள்.

விளக்கினேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அந்த இடத்தில் தகப்பன் பெயரைப் போடுவோம். செந்திலுக்கு நான்தான் பூர்த்தி செய்தேன், ஒரு பிழையும் இல்லாமல்.

மனைவி மறுபடி படத்தைப் பார்த்தாள். “அப்ப எம்பட பையன் பேரு எங்கீங்க?”

எதற்கு எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்று ஊருக்கே சொல்கிறவன், அந்தப் பெயரை மூன்று முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கே பிறந்திருந்தால் இனிஷியலாகவாவது அவன் இருந்திருப்பான்.

இப்போதெல்லாம் மருமகளுக்கு அனுப்பும் செய்தியில், “செ. எலேனா நலமா?” என்றுதான் கேட்கிறேன். முன்னால் நிற்கும் எழுத்து என்ன என்று அவள் இன்னும் கேட்கவில்லை.